அசையும் விரலில் நாலாவது முடி

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு மின்சார அலுவலகத்தில் வேலை என்றார்கள். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு வருகிற வேலை என்று கல்யாணத்துக்கு அடுத்த வாரம் தெரிந்தது. தேள் பிடிக்கிறவர் என்று நாலாம் மாதம் தெரிந்தது. அதுவும் தேள் இல்லை, போலித்தேள் என்று ஐந்தாம் மாதம் தெரிந்தது. நிஜத் தேளாக இருந்திருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கெத்தாக இருந்திருக்கும்.

முதல் போலித்தேளை அவர் ஒரு மாவு மில்லின் மீட்டர் பெட்டியில் பார்த்தார். கதவைத் திறந்ததும் ஒரு ஈ வந்து கண்ணாடி மேல் உட்கார்ந்ததாம். அதன் காலை இடுக்கிக் கையால் பிடித்துக்கொண்டு எள்ளளவு ஒன்று தொங்கியதாம், டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவன் மாதிரி. அதைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குத் திறந்து காட்டினார்.

"கொட்டுமா?" என்றேன்.

"கொட்டாது. வாலும் இல்ல, கொடுக்கும் இல்ல."

"கடிக்குமா?"

"நம்மள கடிக்காது."

"அப்ப எதுக்குத்தான் இருக்கு இந்தப் பூச்சி?"

"பூச்சி இல்லம்மா. பூச்சிக்கு ஆறு கால். இதுக்கு எட்டு."

அதற்குப் பிறகு வந்த இருபத்தைந்து வருஷத்தில் இந்தப் பதிலை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூடக் கேட்டுக்கொண்டுதான் போனார்.

மில்லில் கிடைத்ததை அவர் ஒரு பேராசிரியருக்கு அனுப்பிவைத்தார். இது வரை யாரும் எழுதாத புது இனம் என்று பதில் வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. உலகம் முழுக்க இந்தப் பிராணியைப் படிக்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர்தானாம். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். இவர் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தார். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலையாவது உண்டு.

மீட்டர் பார்க்கிற வேலை இதற்கென்றே அமைந்துவிட்டது. எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எந்தத் தோட்டத்திலும் நிற்கலாம். மீட்டரைப் பார்க்க அரை நிமிஷம், மரப்பட்டையை உரிக்க அரை மணி நேரம். ஒரு வீட்டில் இவர் கையில் கத்தியோடு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். இவர் அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "மீட்டர் மரத்துலயா இருக்கு?" என்று போலீஸ்காரர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

வீட்டிலும் என்னுடையது என்று எதுவும் மிஞ்சவில்லை. எண்ணெய் ஊற்றுகிற புனலை எடுத்துக்கொண்டார். அதில் வலையைப் போட்டு, சருகைக் குவித்து, மேலே குண்டு பல்பை எரியவிடுவார். சூடு தாங்காமல் உள்ளே இருக்கிற பிராணிகள் எல்லாம் கீழே கீழே இறங்கிக் கடைசியில் புனல் வழியாக ஸ்பிரிட் பாட்டிலில் விழும். வீடே ஸ்பிரிட் நெடி அடிக்கும், அவர் சட்டையும் அடிக்கும். தெருவில் அவருக்குக் குடிகாரர் என்று பேராகிவிட்டது. பெண்கள் என்னைப் பார்த்தால் உச்சுக்கொட்டுவார்கள். நானும் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்வேன். புருஷன் குடிக்கிறான் என்றால் ஊருக்குப் புரியும். போலித்தேள் பிடிக்கிறான் என்றால் யாருக்குப் புரியும்?

நானும் எத்தனை நாள்தான் எரிச்சல் படுவது? என் தொழில் தையல். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்காது. அவருக்கு நடுங்கும். ஒரு நாள் அவர் எள்ளளவு பிராணியின் கையை வெட்டி ஸ்லைடில் ஒட்டப் பட்ட பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், "தள்ளுங்க" என்று இடுக்கியை வாங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். அன்றிலிருந்து ஸ்லைடு ஒட்டுவது என் வேலையாகிவிட்டது.

அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இடுக்கிக்கு இரண்டு விரல். ஒன்று அசையாது, ஒன்று அசையும். இரண்டிலும் நீளநீளமாகச் சில முடிகள் நிற்கும். காற்று அசைந்தால் அதற்குத் தெரிவது அவற்றால்தான். எந்த முடி எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் இது இன்னார், அது இன்னார் என்று பிரிப்பார்கள். ஆனால் முடி பிறந்தவுடன் முழுசாக வருவதில்லை. பிறந்ததற்கு அசையும் விரலில் ஒன்றே ஒன்று. தோலுரித்தால் இரண்டு. மறுபடி உரித்தால் மூன்று. கடைசியாக உரித்து வளர்ந்து முடித்ததற்கு நாலு. சில அபூர்வ இனங்கள் மட்டும் வளர்ந்த பிறகும் குறைந்த முடியோடு நின்றுவிடும். அதனால் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "முதல்ல வயசைப் பாரு. அப்புறம் யாருன்னு கேளு." எதையும் மூன்று முறை எண்ணுவார். மூன்று முறையும் ஒத்துவந்தால்தான் எழுதுவார்.

இனி பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். புது இனத்தைக் கண்டுபிடிக்கிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம். முதல் இனத்துக்குப் பேராசிரியர் பெயரை வைத்தார். சரி, நன்றிக்கடன். இரண்டாவதுக்குத் தன் மேலதிகாரி பெயரை வைத்தார். லீவு வேண்டியிருந்தது, அதுவும் சரி. அந்த மனுஷன், "விஷம் உண்டா?" என்று ஆசையாகக் கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப்போய், அரை நாள் லீவு மட்டும் கொடுத்தார்.

மூன்றாவது எங்கள் வீட்டுப் பின்பக்க மரத்தின் பட்டையில் கிடைத்தது. அதற்குத் தன் அம்மா பெயரை, அதாவது என் மாமியார் பெயரை வைத்தார். கட்டுரையில் இருந்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கருத்த உடல், தடித்த கைகள், வலுவான இடுக்கி. "பிடிச்சா விடாது" என்று அவராகச் சேர்த்துக்கொண்டார். மாமியாருக்கு அப்போது எழுபது வயது. கண்ணில் தண்ணீர் நிற்க, "அப்படியே என்னைப் பாத்து எழுதின மாதிரியே இருக்கு" என்றார். நானும் மறுக்கவில்லை. கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து முன்னறையில் மாட்டினார்கள்.

அடுத்தது என் பெயர்தான் என்று நான் சும்மா இருந்தேன். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மரியாதை? நாலாவது இனம் ஒரு வீட்டு நாய்க்கூண்டுக்கு அடியில் கிடைத்தது. எடுக்கும்போது அந்த நாய் இவரைக் கடித்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, நாலாவது இனத்துக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நானே வாயைத் திறந்து கேட்டேன்.

அந்த நாயின் பெயராம்.

"அது இல்லேன்னா அந்தக் கூண்டே இருந்திருக்காது, பாரு" என்று விளக்கம் வேறு.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஒன்பது நாள். தட்டை வைப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான். மாமியார் நடுவில் புகுந்து, "ஏண்டி, ஒரு பூச்சிக்காகவா புருஷன்கிட்ட பேசாம இருப்பே?" என்றார். "பூச்சி இல்ல அத்தை. பூச்சிக்கு ஆறு கால்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன்.

இந்த ஒன்பது நாளில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. கலங்கிப்போய்ப் பின்பக்க மரத்தைச் சுற்றிவந்திருக்கிறார். மாமியார் இனம் கிடைத்த இடத்துக்கு இரண்டு முழம் மேலே, வெளிறிப்போய்ச் சின்னதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அசையும் விரலில் மூன்றே முடி. குட்டியா, வளர்ந்ததா என்று வயிற்றடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் பேசாமல் இருந்ததால் ஸ்லைடை அவரே ஒட்டினார். கை நடுங்கி வயிறு நசுங்கிவிட்டது. வேறொன்று தேடிப் பார்த்திருக்கலாம். எங்கள் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இது வளர்ந்த பிறகும் மூன்றே முடியோடு நிற்கிற அபூர்வ இனம் என்று முடிவு கட்டினார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு தடவை மட்டும் எண்ணினார்.

ஐந்தாவது இனத்துக்கு என் பெயர் வந்தது.

அச்சான கட்டுரையை எங்கள் கல்யாண நாளன்று என் கையில் கொடுத்தார். சிறிய உடல், வெளிர் நிறம், மெலிந்த கைகள் என்று போட்டிருந்தது. என்னை மெலிந்தவள் என்று யாராவது எழுத்தில் சொன்னது அதுதான் முதல் முறை. சிரித்தேன், அப்புறம் அழுதேன். பெருமையாக இருந்தது, ஆமாம். நானும் லேமினேட் செய்து மாமியார் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அங்குலம் உயர்த்தி மாட்டினேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"சாஞ்சிருக்கு."

அப்புறம் என் புருஷனின் பேச்சே மாறிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னிக்கு உன்னை ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னாடி மரத்துல பாத்தேன்" என்பார். "நாலு பேரா இருந்தே." என்னுடைய சில நல்ல குணங்களையும் சொல்வார். வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்கிறேனாம், பயந்தால் பின்பக்கமாக நடக்கிறேனாம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு, குடி முற்றிவிட்டது என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

என்னை நானே நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. ஒரு நாள் பின்பக்கம் போய்ப் பட்டையை உரித்தேன். வெளிறினது ஒன்று கிடைத்தது. காலி மருந்துக் குப்பியில் ஈரப்பஞ்சு போட்டு அதில் விட்டு, தையல் மிஷின் மேல் வைத்துக்கொண்டேன். என் பழைய காகித அளவுக் கட்டுகளில் ஊறுகிற பொடிப்பூச்சிகளைப் பிடித்துப் போடுவேன். அது இடுக்கியால் பிடித்து நிதானமாகச் சாப்பிடும். தைத்துக்கொண்டே அதோடு பேசுவேன். "சாப்பிட்டியாடி?" என்பேன். வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுத்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் அது வாயிலிருந்து நூல் நூற்று, தன்னைச் சுற்றிச் சின்னதாக ஒரு கூடு கட்டி உள்ளே போய் அடைத்துக்கொண்டது. செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பதினாறாம் நாள், மத்தியானம், ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். குப்பிக்குள் என்னவோ நகர்ந்தது.

கருப்பாக ஒன்று வெளியே வந்தது. தடித்த கைகள். வலுவான இடுக்கி. குப்பிக் கண்ணாடியில் முன்னங்கைகளை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது.

என் மாமியார்.

கூடத்தில் நிஜ மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் குப்பியைப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிரில் அது அசையாது, இதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து அசையும் விரலைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கூட்டைப் பிரித்து உரித்துப்போட்ட பழைய தோலை எடுத்துப் பார்த்தேன். அதில் மூன்று. மூன்று முறை எண்ணினேன், அதையும் இதையும். மாறவே இல்லை.

அதாவது, என் பெயரில் ஒரு இனமே கிடையாது. அது மாமியார் இனத்தின் குட்டி. நான் வளர்ந்தால் மாமியார்.

முதலில் யார் மேல் கோபம் வந்தது என்று கேட்டால், அந்தப் பிராணி மேல்தான். இரண்டு மாதம் சோறு போட்டேனே! அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. இந்த விஷயம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. குப்பியையும் தோலையும் பட்டன் டப்பாவில் போட்டு மூடி, அதன் மேல் ஊக்கு டப்பாவை வைத்தேன். ஒரு பட்டன் காணாமல் போனால் யார் தேடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியில் மட்டும் ஊசியால் நாலு ஓட்டை போட்டேன்.

பதினோரு நாள் அப்படியே இருந்தேன். பட்டன் தைக்க வேண்டிய சட்டை எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன். ஆனால் பொடிப்பூச்சி போடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அவரோ இந்தப் பக்கம் உச்சியில் ஏறிக்கொண்டிருந்தார். வளர்ந்த பிறகும் மூன்றே முடி என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லையாம். மாமியார் இருக்கிற பேரினத்தில், அதாவது நெருங்கின இனங்கள் சேர்ந்த கூட்டத்தில், இதைச் சேர்க்கவே முடியாதாம். புதுசாக ஒரு பேரினமே உண்டாக்கி, அதில் என்னை மட்டும் தனியாக வைக்க வேண்டுமாம். இருபத்தைந்து வருஷமாக நான் கேட்டும் கிடைக்காத தனிக்குடித்தனம் இப்படி ஒரு வழியில் வந்து சேர்ந்தது. நாற்பது பக்கம் எழுதினார். மீட்டர் எண்ணைத் தப்பாக எழுதி இரண்டு வீட்டில் திட்டு வாங்கினார். பல் டாக்டருக்கு முன்கூட்டியே கடிதம் போட, அவர் சந்தேகமாகப் பதில் எழுதினார்: இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள், குட்டியாக இருக்கப்போகிறது. இவருக்கு வந்ததே கோபம்! "பல்லை எண்ணுறவன் எனக்கு முடி எண்ணச் சொல்லித்தரான்" என்று வீடு பூராவும் நடந்தார். இந்த நாற்பது பக்கம் வெளியே போனால், என்றைக்காவது ஒரு நாள் யாரோ ஒருவர் ஒரு குட்டியை வளர்த்துப் பார்ப்பார். பதினோரு பேரும் சிரிப்பார்கள். அவருக்கு உலகம் என்பதே அந்தப் பதினோரு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுரை தயாரானது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அனுப்புற பட்டனை நீயே அமுக்கு. உன் பேரினம்."

நான் விரலைக் கொண்டுபோனேன். அது அசையும் விரல்தான், ஆனால் அசையவில்லை. உள்ளே போய் என் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"இதை முதல்ல எண்ணுங்க" என்றேன்.

அவர் எண்ணினார். பிராணியை மூன்று முறை, தோலை மூன்று முறை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"நீ வளந்துட்டே."

"ஆமா."

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினோரு நாளா."

"முதல்ல வெச்ச பேருதான் நிக்கும்" என்றார். "ரெண்டும் ஒண்ணுன்னு ஆனா அம்மா பேரு நிக்கும், உன் பேரு அதுக்குள்ள போயிடும்."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"ரூல். உலகம் பூரா அதான் ரூல்."

"உலகம் பூராவும் மாமியார் பக்கம்தானா?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அதற்கு அறிவியல் பூர்வமான ஆதாரத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமியார் மட்டும் ஒன்றும் புரியாமல், "என்னடா, என்ன ஆச்சு, அனுப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது என் புருஷன் ஒரு காரியம் செய்தார். குப்பியைக் கையில் எடுத்தார். ஜன்னலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பின்னாடி மரத்துல விட்டுட்டு வந்துடட்டுமா?"

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியப்போகுது? உன் பேரு இருந்துட்டுப் போகட்டுமே. ஒண்ணே ஒண்ணுதானே."

இந்த மனுஷனை எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். எங்கள் கல்யாண போட்டோவில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எடுத்துவந்து எண்ணிவிட்டுத்தான் சொல்வார். ஒரு பொய்க்கு நாக்கு எழும்பாது. அந்த நாய்க்கு இதைச் செய்திருப்பாரா? மேலதிகாரிக்கு? அம்மாவுக்கேகூடச் செய்திருக்க மாட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இனி எந்தப் பிராணிக்கும் என் பெயர் வேண்டியதில்லை என்று நிஜமாகவே தோன்றியது.

"குடுங்க அதை. கீழ போட்டுடப் போறீங்க" என்று வாங்கிக்கொண்டேன். "நாற்பது பக்கத்தையும் அழிங்க. புதுசா எழுதுவோம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

மூன்று பக்கம்தான் வந்தது. எந்தத் தேதியில் பிடித்தேன், என்ன சாப்பிடக் கொடுத்தேன், என்றைக்குக் கூடு கட்டியது, என்றைக்கு வெளியே வந்தது, தோலில் எத்தனை, உடம்பில் எத்தனை. எழுதியவர் பெயர் போடுகிற இடத்தில் அவர் என் பெயரை மட்டும் அடித்தார். நான் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "நான்தானே தப்பு பண்ணினவன்" என்றார். "நான் பேசாம இருந்ததுலதானே நீங்க தப்பு பண்ணினீங்க" என்றேன். யார் தப்பு அதிகம் என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். இருவர் பெயரும் போயிற்று, என் பெயர் முதலில்.

ஆதாரத்துக்காக அந்தப் பிராணியை ஸ்பிரிட்டில் போட்டு வைப்பதுதான் வழக்கம். இதற்குள் விஷயம் மெல்ல மெல்லப் புரிந்துவிட்ட மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாரு, என்னையா? ஸ்பிரிட்லயா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது." அவ்வளவு பலமாக அவர் எழுந்து நின்று நாங்கள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் தோலையும் போட்டோவையும் ஆதாரமாக வைத்தோம். பிராணி அதன் காலம் வரைக்கும் தையல் மிஷின் மேலேயே இருந்தது. பட்டன் டப்பாவுக்குள் இனி அடைக்கக் கூடாது என்பது மாமியார் உத்தரவு.

அன்று மத்தியானம் முழுக்க மாமியார் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலர் பிரித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் போனதற்கு ஏதாவது குத்திப் பேசப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அப்ப அந்த வெளுத்தது நான்தானா? சின்ன வயசுல?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"கை மெலிசா இருந்ததே?"

"ஆமா."

"நானும் அப்படித்தாண்டி இருந்தேன்" என்றார். "இந்த வீட்டுல ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்ல." அப்புறம் என் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இன்னும் ஒரு தோல் பாக்கி உனக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கட்டுரை வெளிவந்தது. பல் டாக்டர் நாலு வரி எழுதியிருந்தார். தன் ஐம்பது வருஷத்தில் இப்படிப் பொறுமையாக ஒரு குட்டியை வளர்த்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்றும், அந்த அம்மாள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்றும் கேட்டிருந்தார். பின்பக்க அறையில், தையல் மிஷின் பக்கத்தில் என்று எழுதச் சொன்னேன். உலகப் பட்டியலில் இப்போது மாமியார் பெயர் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, சின்ன எழுத்தில், செல்லாத பெயர் என்ற குறிப்போடு என் பெயர். அங்கிருந்து அதை இனி யாராலும் எடுக்க முடியாதாம், அதுவும் ரூல். ஆக, கடைசி வரைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான்.

முன்னறையில் என்னுடைய பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டு, நாங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் முதல் பக்கத்தை அந்த இடத்தில் மாட்டுவது என்று முடிவாயிற்று. அவர் ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்தார். மாமியார் கட்டிலில் இருந்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன். அவர் சட்டத்தை மாட்டிவிட்டு எப்படி என்று கேட்பதற்காகத் திரும்பினார்.

"சாஞ்சிருக்கு" என்றேன்.

சொன்னது நான் மட்டும் இல்லை. அதே நேரத்தில், அதே இழுவையில், கட்டிலிலிருந்தும் அதே வார்த்தை வந்தது. அவர் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. சுத்தியலைப் பிடித்தபடி ஒரு முறை அம்மாவைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். மறுபடி அம்மாவை, மறுபடி என்னை. மூன்று முறை.